இரண்டிலும் நாலிலும்

ஜமுனாமரத்தூர்
14 செப்டம்பர் 2025

திரு. அமீர் அவர்களுக்கு,

நான் விஜயராஜின் தாய், காந்தா. எண்பதுகளில் ஆலங்காயத்தில் வனத்துறைக் குடியிருப்பில் இருந்தோம். அவன் பஸ்ஸில் வாணியம்பாடிக்கு வந்து உங்களோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தான். உங்கள் வீட்டு முகவரி அவனுடைய பழைய அட்லஸில் எழுதியிருந்தது. அதே வீட்டில் இன்னும் இருக்கிறீர்களா என்று தெரியாது. இல்லாவிட்டால் இந்தக் கடிதம் திரும்பி வரும், அவ்வளவுதான்.

மே மாதம் சென்னையில் விஜயராஜுக்கு மூளையில் ரத்தக் குழாய் வெடித்தது. நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான். இனி செய்ய ஒன்றுமில்லை என்றதும் ஜூலையில் இங்கே மலைக்குக் கொண்டுவந்துவிட்டேன். அவன் மனைவி பல வருடங்களுக்கு முன்பே பிரிந்துவிட்டாள், குழந்தை இல்லை. என் கணவர் காலமாகிப் பதினாறு வருடம் ஆகிறது. ஆகவே பார்த்துக்கொள்வது நானும் செல்லி என்ற உள்ளூர்ப் பெண்ணும்தான்.

கண் திறந்திருக்கிறான். பார்ப்பதில்லை. மூக்கில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சித் தண்ணீர் போகிறது. இந்தக் குழாய் வெகுநாள் தாங்காதாம். நவம்பருக்குள் அவனிடம் ஏதாவது ஓர் அசைவு, ஒரு பதில் தெரிந்தால் வயிற்றில் துளை போட்டு நிரந்தரமாகக் குழாய் வைக்கலாம், தெரியாவிட்டால் அது வேண்டுமா வேண்டாமா என்பதை நான்தான் சொல்ல வேண்டும் என்று டாக்டர் கூறியிருக்கிறார். அதற்கான தாள் என் மேசையில் இருக்கிறது.

போளூரிலிருந்து புதன்கிழமைதோறும் கல்பனா என்ற பிசியோதெரபிஸ்ட் வருகிறார். பதினைந்து, பதினாறு வயதில் கேட்ட பாட்டு மனதின் அடியில் தங்கிவிடுமாம், அதைப் போட்டுப் பாருங்கள் என்றார். எனக்கு அது என்ன பாட்டு என்றே தெரியவில்லை. அப்போது நான் அதை இரைச்சல் என்று மட்டுமே அழைத்து வந்தேன். அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கும். அதைத் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

பழைய விஷயத்துக்கு வருத்தம் தெரிவிப்பதற்காக இதை எழுதவில்லை. அன்று நான் சொன்னதைச் சரி என்று நினைத்துத்தான் சொன்னேன்.

இப்படிக்கு,
காந்தா


வாணியம்பாடி
23 செப்டம்பர் 2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

அமீர் எழுதுவது. அதே வீடுதான். கடிதத்தை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். பதில் போடக்கூடாது என்றுதான் நான்கு நாள் இருந்தேன். விஜிக்கு இப்படி ஆகியிருக்கிறது என்பது மட்டும் தூங்க விடவில்லை.

முப்பத்தொன்பது வருடம் ஆகிறது, ஆனாலும் நீங்கள் சொன்ன வார்த்தை அப்படியே காதில் இருக்கிறது. டேப் ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு உங்கள் வாசலில் நின்றேன். "உன் இரைச்சலை எடுத்துக்கொண்டு போ. அவனுக்குப் பரீட்சை இருக்கிறது" என்றீர்கள். உங்கள் முதுகுக்குப் பின்னால் விஜி நின்றான். வாயைத் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவனும் நானும் பேசவில்லை.

பெயர் கேட்டீர்கள். எலெக்ட்ரோ ஃபங்க் என்பார்கள். கூடவே வந்தது ஹிப் ஹாப். எங்கள் ஃபஹீம் சாச்சா, அத்தாவின் தம்பி, தோல் வியாபாரமாக நியூயார்க் போவார். எண்பத்து நாலில் அங்கே ரேடியோவில் வந்ததையெல்லாம் கேசட்டில் பிடித்து வந்தார். இடையில் விளம்பரம் வரும், வானிலை வரும். அதுவும் எங்களுக்கு மனப்பாடம்.

முதல் தடவை கேட்டபோது நடுவில் 'க்ர்ரிக் க்ர்ரிக்' என்று சத்தம் வந்தது. டேப் கெட்டுவிட்டது என்று விஜி அழும் நிலைக்கு வந்துவிட்டான். சாச்சாவின் சென்ட்டைப் பஞ்சில் தோய்த்து டேப் ரெக்கார்டரின் ஹெட்டைத் துடைத்தோம். திரும்பப் போட்டால் அதே இடத்தில் அதே க்ர்ரிக். இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து வேண்டுமென்றே போடும் சத்தம் அது என்று சாச்சா சொன்ன பிறகுதான் தெரிந்தது. "கெட்டுப்போனதயே பாட்டாக்கிட்டானுங்கடா!" என்று விஜி கத்திக்கொண்டு ஓடினான்.

இன்னொன்றும் சொல்கிறேன், சிரித்துக்கொள்ளுங்கள். தாளமெல்லாம் டிரம் மெஷினில் போடுகிறார்கள் என்றார் சாச்சா. எங்கள் ஊரில் டிரம் என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும். தோல் ஷெட்டில் சுற்றுகிற, ஆளுயரத்துக்கு மேல் நிற்கிற அந்த மரப் பீப்பாய். அதற்கு மோட்டார் போட்டால் டிரம் மெஷின். அமெரிக்காவிலும் தோல் பதனிடுகிறவர்கள்தான் இந்தப் பாட்டைச் செய்கிறார்கள் என்று ஒரு மாதம் நம்பினோம். எங்கள் மாமா ஷெட்டுக்குப் போய் டிரம்மைப் பதிவு செய்தோம். ஈரத் தோல் மேலே ஏறி விழும்போது 'தொப்'. தண்ணீர் அடிக்கும்போது 'சளப்'. தொப், சளப். மிக மெதுவாக இருந்தது. அதற்கு விஜி ஒரு வழி கண்டுபிடித்தான். செத்துப்போன பேட்டரி போட்டுப் பதிவு செய்து, புது பேட்டரி போட்டு ஓட்டினால் வேகமாகிவிடும். மொட்டைமாடிச் சுவற்றில் டேப்பை வைத்து இரண்டு பேரும் திரும்பத் திரும்ப ஓட்டிக் கேட்டோம். எங்கள் ஊர் அப்படி ஆடும் என்று அதுவரை யாரும் எங்களிடம் சொன்னதில்லை.

சாச்சாவின் கேசட்டில் இருந்ததை என் மகள் காஷிஃபா பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். அதை இத்துடன் அனுப்புகிறேன். டிரம் டேப் என்னிடம்தான் இருக்கிறது. அதை அனுப்புவதாக இல்லை.

அமீர்


ஜமுனாமரத்தூர்
5 அக்டோபர் 2025

அமீருக்கு,

பென் டிரைவ் கிடைத்தது. நன்றி. 'சுவற்றில்' என்று எழுதியிருக்கிறீர்கள். 'சுவரில்' என்பதே சரி. மூன்று இடங்களில் ஒற்று விட்டுப்போயிருக்கிறது.

தினமும் காலை பத்து மணிக்கும் மாலை நாலு மணிக்கும் அரை மணி நேரம் போடுகிறோம். முதல் நாள் செல்லி காதைப் பொத்திக்கொண்டாள். "இன்னாம்மா இது, பாட்டா, இல்ல ரைஸ் மில்லா?" என்றாள். பாட்டில் ஒருவன் பேசுகிறானே என்றேன். "இன்னாத்துக்கு இவ்ளோ கோவமா பேசுறான்? கடன்காரனா?" என்றாள். எனக்கும் முதலில் அவளுடைய கருத்துதான்.

நான் கான்வென்டில் ஏழு வருடம் பியானோ படித்தவள். தாளத்தை எண்ணக் கற்றுக்கொடுத்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு; ஒன்றிலும் மூன்றிலும் அழுத்தம். விஜயராஜின் வலது கையை என் கையில் வைத்து அப்படியே தட்டிவந்தேன். நாலு நாள் தட்டிய பிறகுதான் உறைத்தது, தவறான இடத்தில் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்று. இதில் கைதட்டல் விழுவது இரண்டிலும் நாலிலும். நான் மிதிக்கும் இடத்தில் தரையே இல்லை. மாற்றித் தட்டினேன். அந்த நிமிடம் முழுப் பாட்டும் திரும்பி என் பக்கம் உட்கார்ந்துகொண்டது. அதை வேறு விதமாகச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு கவனித்துக் கேட்டேன். அதிக ஓசை இருப்பதாக நினைத்திருந்தது தவறு. இதில் மிகக் குறைவாகவே இருக்கிறது. அடியில் ஒரு கனத்த அடி, மேலே ஒரு தட்டல், நடுவில் ஒன்றுமே இல்லாத இடம். அந்த வெற்றிடத்தை யாரும் நிரப்பவில்லை என்பதால் உடம்பு போய் நிரப்புகிறது. மெஷின் ஒரு நூல் பிசகுவதில்லை. அதன் மேல் பேசுகிற மனிதன் கொஞ்சம் முந்துகிறான், கொஞ்சம் பிந்துகிறான், ஆனால் விழுவதில்லை. பாடத் தெரியாதவனும் வாத்தியம் வாங்க முடியாதவனும் உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். பையன்களுக்கு அது ஏன் பிடித்தது என்று புரிகிறது. ஓட்டை ரோபோ போலக் குரல் வருவதை மட்டும் இன்னும் என்னால் சகிக்க முடியவில்லை.

விஜயராஜிடம் ஒரு மாற்றமும் இல்லை. கண் சுவரிலேயே இருக்கிறது.

அந்த டிரம் டேப்பை அனுப்புங்கள். ரேடியோவில் வந்தது யாருடையதோ. அது அவனே செய்தது. எனக்காகக் கேட்கவில்லை.

இன்னொரு கேள்வி. அதன் பிறகு அவன் ஏன் இந்த இசையை முற்றிலும் விட்டான்? நான் அவனைத் தடுத்தது பரீட்சை முடியும் வரைதான். கோடை விடுமுறையில் அவனாகவே கேசட்டுகளையெல்லாம் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டான். புத்தி வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன்.

காந்தா


வாணியம்பாடி
14 அக்டோபர் 2025

அம்மா அவர்களுக்கு,

சரி, சுவரில் என்றே எழுதுகிறேன். திருத்துவதுதானே உங்கள் வேலை.

சொல்லக்கூடாது என்று இருந்தேன். நீங்களே கேட்டுவிட்டீர்கள்.

எண்பத்தாறு ஜனவரியில் பள்ளி ஆண்டு விழா. டிரம் டேப்பைப் போட்டு அதன் மேல் விஜி இங்கிலீஷில் பேசுவதாக ஏற்பாடு. இருபத்துநாலு வரி அவனே எழுதினான். எனக்கு முதல் வரி இன்னும் நினைவில் இருக்கிறது. 'ஐ டோன்ட் வாக் நோ ரோட், த ரோட் வாக் மீ.' தொப் விழும் இடத்தில் ரோட், சளப் விழும் இடத்தில் மீ. உங்கள் வீட்டுக்கு வந்த ஒரு நாள் ஆலங்காயம் பஸ்ஸின் கடைசி சீட்டில் அவன் அதைச் சொன்னபோது எனக்கு ரோமம் சிலிர்த்தது.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தாளை உங்களிடம் கொடுத்தான். நான் வேண்டாம் என்றேன். "எங்கம்மா இங்கிலீஷ் மாதிரி இந்த ஜில்லாவுலயே யாருக்கும் வராதுடா. ஒரு தடவ பாத்துடட்டும்" என்றான். அவ்வளவு பெருமை அவனுக்கு.

மறுநாள் தாள் சிவப்பாகத் திரும்பி வந்தது. 'ஐ டு நாட் வாக் ஆன் எனி ரோட்; த ரோட் வாக்ஸ் வித் மி.' இருபத்துநாலு வரியும் அப்படி. டோன்ட்டும் நோவும் ஒரே வரியில் வரக்கூடாதாம்; கீழே 'டபுள் நெகடிவைத் தவிர்க்கவும்' என்று எழுதி, பத்துக்கு நாலு மார்க் போட்டிருந்தீர்கள்.

"பழசயே சொல்லுடா" என்று கெஞ்சினேன். "தப்புன்னு தெரிஞ்ச பிறகு எப்படிடா சொல்றது" என்றான். மேடையில் உங்கள் வரிகளைச் சொன்னான். தொப் விழுந்த பிறகு ரோட் வந்தது. சளப் போன பிறகு மி வந்தது. துரத்திப் பிடிக்கப் பார்த்தான், நாக்கு சுற்றிக்கொண்டது. பின்னாலிருந்து ஒருத்தன் கத்தினான். "இன்னாடா இது, இங்கிலீஷ் பீரியடா?" அரங்கமே சிரித்தது. ஆறாவது வரியில் இறங்கிவிட்டான்.

உங்கள் வாசலுக்கு நான் வந்தது அதற்கு மறுநாள். அவனைச் சமாதானம் செய்ய வந்தேன்.

உங்களிடம் அவன் இதைச் சொல்லியிருக்க மாட்டான். நீங்கள் திருத்தியது சரி என்றே நம்பினான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் அதுதான்.

ஆலங்காயம் பஸ் கண்டக்டர் கையில் டேப்பும் என் ரெக்கார்டரும் கொடுத்து அனுப்புகிறேன். அதில் விஜியின் குரல் இருக்காது. ஒத்திகை பார்த்த பகுதியை அவனே அழித்துவிட்டான். டிரம் மட்டும் இருக்கிறது.

அமீர்


ஜமுனாமரத்தூர்
27 அக்டோபர் 2025

அமீர்,

ரெக்கார்டரும் டேப்பும் பத்திரமாக வந்துசேர்ந்தன.

அந்தத் தாள் எனக்கு நினைவிருக்கிறது. கட்டுரை என்று நினைத்தேன். அவன் எதற்கு என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாலு மார்க்கும் தாராளம் என்று அப்போது தோன்றியது.

நீங்கள் எழுதியிருந்த அவனுடைய வரியையும் என்னுடைய வரியையும் டேப்பின் மேல் சொல்லிப் பார்த்தேன். என்னுடையது நிற்க இடமில்லாமல் அலைகிறது. நான் செய்த திருத்தங்கள் எல்லாம் சரி. திருத்தியது தவறு. இதை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவனிடம் சொன்னேன். காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உரக்க, மூன்று தடவை. அவன் விழி நகரவில்லை.

மற்றொரு செய்தி. இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நேற்று முன்தினம் டேப் ஓடிக்கொண்டிருந்தபோது அவனுடைய வலது கை ஆள்காட்டி விரல் அசைந்தது. செல்லிதான் முதலில் பார்த்தாள். "அம்மா, வெரலு! கேக்குறாரும்மா! சத்தியமா கேக்குறாரு!" என்று கத்தினாள். அவள் அழுதாள். நானும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நேற்றும் அசைந்தது.

புதன்கிழமை கல்பனா வருவார். அதுவரை நான் எதையும் நம்புவதாக இல்லை.

காந்தா


வாணியம்பாடி
3 நவம்பர் 2025

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். காஷிஃபா பயந்துபோனாள். "இன்னா அத்தா, யாருக்கு இன்னா ஆச்சு?" என்றாள். "விஜி வெரல ஆட்டுறான்!" என்றேன். நின்ற இடத்தில் தொப், சளப் என்று காலால் அடித்துக் காட்டினேன். "முட்டி வலின்னு மாத்திர சாப்பிடுறவரு ஆடுற ஆட்டமா இது?" என்று சிரித்தாள். அவளையும் ஆட வைத்தேன்.

அம்மா, அது தாளம்தான். எனக்குச் சந்தேகமே இல்லை. அவன் எப்போதும் ஆள்காட்டி விரலால்தான் தட்டுவான். பஸ் கம்பியில், டெஸ்க்கில், என் முதுகில். விரல் அசைகிறது என்றால் உள்ளே அவன் இருக்கிறான். டாக்டர் கேட்டால் பதில் வந்துவிட்டது என்று சொல்லுங்கள். துளை போடட்டும். போட்ட பிறகு நான் வந்து பக்கத்தில் உட்கார்கிறேன். பழைய வரிகள் பாதி எனக்கு நினைவிருக்கிறது, மீதியை அவன் வாயிலிருந்தே வாங்கிவிடுவேன்.

போன கடிதத்தில் நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். மனதில் வைக்காதீர்கள். பதினாறு வயது பையன்கள் ஒரு சிரிப்புக்குச் செத்துப்போவார்கள். அதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்.

சரி என்று மட்டும் எழுதுங்கள். கிளம்பி வருகிறேன்.

உங்கள்
அமீர்


ஜமுனாமரத்தூர்
18 நவம்பர் 2025

அன்புள்ள அமீர்,

நீங்கள் கேட்ட வார்த்தையை எழுத முடியவில்லை.

கல்பனா விரலைப் பார்த்தார். இது தானாக வரும் துடிப்பாகவும் இருக்கலாம், கேட்பதால் வருவதாகவும் இருக்கலாம், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார். ஆகவே பார்த்தேன். மூன்று நாள், கடிகாரத்தை வைத்துக்கொண்டு, பத்து நிமிடம் டேப்பை ஓட்டினேன், பத்து நிமிடம் நிறுத்தினேன். விரல் அசைந்ததையெல்லாம் குறித்தேன். ஓடும்போது தொண்ணூற்றிரண்டு. நின்றிருக்கும்போது தொண்ணூறு. ஓடும்போது அசைந்த தொண்ணூற்றிரண்டில் இரண்டிலோ நாலிலோ விழுந்தவை பதினேழு. கண்ணை மூடிக்கொண்டு யார் மேசையைத் தட்டினாலும் அவ்வளவு விழும்.

நாலாவது நாள் ரெக்கார்டரை அடுத்த அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, மழைச் சத்தம்கூட இல்லாத வேளையில் உட்கார்ந்தேன். விரல் அதே மாதிரி அசைந்தது.

செல்லி என்மேல் கோபமாக இருக்கிறாள். "எண்ணிக்கினே இருந்தா இன்னா வரும்? புள்ள கையி ஆடுதேன்னு சந்தோசப்படாம, கணக்கு டீச்சர் மாதிரி குந்திக்கினு கீற" என்றாள். இத்தனை மாதத்தில் அவள் என்னை ஒருமையில் பேசியது அன்றுதான். கல்பனாவும் தாளைப் பார்த்துவிட்டு, "இவ்ளோ கரெக்டா பாக்காம இருந்திருக்கலாம்மா" என்றார். இருந்திருக்கலாம். அவன் அந்த டேப்பைக் கேட்டு விரல் அசைத்தான் என்று நீங்களும் செல்லியும் நானும் கடைசி வரை சொல்லிக்கொண்டிருக்கலாம். அவன் செய்ததாக நான் எழுதிவைக்கும் வரி அது. அவனுடைய வரிகளை ஒரு தடவை நான் எழுதியது போதும்.

நேற்று டாக்டரிடம் போனில் பேசிவிட்டு, துளை வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மூக்குக் குழாய் அடைத்தால் மாற்றப்போவதில்லை. நாக்கை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருக்கச் சொல்லியிருக்கிறார்கள். பத்து நாள், பதினைந்து நாள் என்றார். கையெழுத்திடும்போது என் கை நடுங்கவில்லை. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

டேப்பை நிறுத்தவில்லை. பத்து மணிக்கும் நாலு மணிக்கும் ஓடுகிறது. இப்போது அதை அவனுக்காகப் போடுகிறேன் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஓடும்போது எனக்கு மூச்சு ஒழுங்காக வருகிறது. அவ்வளவே.

வருவதானால் இந்த வாரத்தில் வாருங்கள். ஆலங்காயத்திலிருந்து காலை பஸ்ஸில் ஏறினால் பத்து மணிக்குள் வந்துவிடலாம். மதியம் இங்கேயே சாப்பிடலாம், சாமைச் சோறு உங்களுக்கு ஒத்துக்கொள்ளுமென்றால். முட்டிவலி என்றால் திரும்பும்போது ரெக்கார்டரை நீங்கள் தூக்க வேண்டாம், செல்லி பஸ் வரை கொண்டுவருவாள். உங்களுக்குச் சம்மதமென்றால் அது இங்கேயே இருக்கட்டும்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வந்தால் கட்டில் பக்கத்தில் உட்காருங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதீர்கள். நான் நூற்றிருபது நாள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டேன்.

காந்தா